எல்லா எண்ணெயும் ஜெயிக்கும் நோய்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒரு கைக்குழந்தையின் தலையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டிவிட்டால், மறுநாளே வாசலுக்கு நாலைந்து எண்ணெய் வந்துவிடும். தர்மபுரிப் பக்கத்துப் பாட்டி தேங்காய் எண்ணெயைக் காய்ச்சித் தடவச் சொல்வார். பாகலூர்ப் பக்கத்து அவ்வா ஆமுதம் என்பார். அத்திப்பள்ளியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்த அஜ்ஜி ஹரளெண்ணெ என்பார். இரண்டும் நம் விளக்கெண்ணெய்தான். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பத்தில் கடுகெண்ணெய்ப் புட்டி தயாராக இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் தம்பதி, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஆலிவ் எண்ணெயைக் காட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் சான்று இருக்கிறது: "எங்க புள்ளைக்கு இதத்தான் போட்டோம், பத்தே நாள்ல போயிடுச்சு." யாரும் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். பிறந்து மூன்று வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில், உச்சந்தலையிலும் சில சமயம் புருவத்திலும் காதுக்குப் பின்னாலும், மஞ்சளாக, பிசுபிசுப்பாக, மெழுகு உறைந்ததுபோல் செதில் கட்டும். மருத்துவர்கள் இதைக் கைக்குழந்தைகளின் செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். நம் வீடுகளில் பொருக்கு என்போம். தோலில் வரும் எல்லாவற்றையும் கரப்பான் என்றே சொல்லும் பழக்கமும் உண்டு. நம் போன்ற மாநிறத் தோலில் அடியில் இருக்கும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. செதில் உதிர்ந்த இடம் கொஞ்ச நாள் வெளுத்துக் கிடக்கும், பிறகு பழைய நிறத்துக்கு வரும். அந்த வெளுப்பைப் பார்த்து வெண்குஷ்டமோ என்று கலங்குபவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு.

குழந்தைக்கு இதனால் வலி இல்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை. பால் குடிக்கும், தூங்கும், சிரிக்கும். தொந்தரவெல்லாம் பார்க்க வருகிறவர்களுக்குத்தான். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அம்மா சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கும் இது அடையாளம் ஆகாது. ஆஸ்திரேலியாவில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 1116 குழந்தைகளைத் தோல் மருத்துவர்கள் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 41.7 விழுக்காட்டினருக்குத் தலையில் இந்தப் பொருக்கு ஏதோ ஓர் அளவில் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லேசானதுதான். குழாயில் தண்ணீருக்குக் குறைவில்லாத நாட்டின் கணக்கு இது. அதனால் கிருஷ்ணகிரியில் ஒரு மாமியார் மருமகளின் கைச்சுத்தத்தைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பொருக்கு எதிலிருந்து வருகிறது? தலைத்தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ஹார்மோன்கள் வந்து அந்தச் சுரப்பிகளை முடுக்கிவிடுகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிறந்த பிறகும் சில மாதங்கள் அந்த முடுக்கம் நீடிக்கிறது. அதனால் முதல் சில வாரங்களில் பச்சைக் குழந்தையின் தோல் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக எண்ணெய் கக்கும். பிறகு அது வற்றிப்போய், பருவ வயது வரும்வரை சுரப்பிகள் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். வழக்கமாக உதிர வேண்டிய தோல் செல்கள் இந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, உதிராமல் அடுக்கடுக்காகத் தேங்குகின்றன. பொருக்கு என்பது அந்தத் தேக்கம்தான்.

இதில் இன்னொரு ஆள் இருக்கிறது: மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை. 1874இல் தலைச் செதில்களில் இதைக் கண்டு விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி ஷார்ல் மலசேயின் பெயரைத் தாங்கியது. பெரியவர்களின் பொடுகிலும் இதற்குப் பங்கு உண்டு. நம் எல்லோர் தோலிலும் வாழ்கிறது. பிறந்த சில நாட்களிலேயே அம்மாவிடமிருந்தும் தூக்குகிறவர்களிடமிருந்தும் குழந்தையின் மேல் குடியேறிவிடுகிறது. இதன் வினோதம், தனக்கு வேண்டிய கொழுப்பை இதனால் தானே தயாரிக்க முடியாது என்பது. அதற்கான மரபணுவே இல்லை என்று 2007இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது. ஆகவே தோல் சுரக்கும் எண்ணெயை நொதியால் உடைத்துத் தின்கிறது. அப்போது மிஞ்சும் ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் தோலை உறுத்துகின்றன. கைக்குழந்தைகளின் பொருக்கில் பூஞ்சை எவ்வளவு தூரம் குற்றவாளி, எவ்வளவு தூரம் சும்மா அங்கே இருந்த சாட்சி என்பதில் தோல் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் எண்ணெய் விஷயத்தில் இந்தப் பூஞ்சையின் பசியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

சுரப்பிகள் தாமாகவே அடங்கிவிடும் என்றேனே, அதன் விளைவு இது: பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருக்கும் தானாகவே போய்விடும். ஆறு மாதத்துக்குள் பலருக்கு, ஒரு வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும். இப்போது லைன் வீட்டுக் கதையைத் திரும்பப் பாருங்கள். ஒன்றரை மாதத்தில் பொருக்குக் கண்ணில் படுகிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது ஏறுமுகத்தில் இருக்கும் நேரம், எனவே போகவில்லை. விளக்கெண்ணெய்க்கு மாறுகிறார்கள். அப்போதும் முழுதாகப் போகவில்லை. நாலாம் மாதம் யாரோ சொல்லி மூன்றாவது ஒன்று வருகிறது. சுரப்பி வற்றத் தொடங்கியிருக்கும் நேரம் அது. பத்தே நாளில் தலை சுத்தம். மூன்றாவது எண்ணெய்க்குப் புகழ், முதல் இரண்டுக்கும் வசவு. பக்கத்து வீட்டில் வரிசை மாறியிருந்தால் தேங்காய் எண்ணெய் ஜெயித்திருக்கும். அம்மா 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து ஆலைக்குத் திரும்பும்போது பல குழந்தைகளுக்குத் தலை தெளிந்திருக்கும். அப்போதும் தெளியாமல் மிச்சம் இருந்தால், குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போட்டதும் போய்விட்டது என்பார்கள். கத்தி செய்த வேலை அதில் கொஞ்சம்தான். காலம் செய்தது மீதி.

இப்படித் தானாகத் தீரும் ஒரு தொல்லை எல்லா வைத்தியத்துக்கும் நற்சான்று எழுதித் தந்துவிடும். பாட்டிகளை மட்டும் சொல்லவில்லை, விலையுயர்ந்த பிரத்தியேக ஷாம்பு விற்கும் நிறுவனங்களுக்கும் இதே சான்றிதழ்தான் கிடைக்கிறது. உண்மையில் எது உதவுகிறது என்று அறிய, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒன்றும் இன்னொரு பகுதியினருக்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய ஆய்வுகளை உலகம் முழுதும் தேடித் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பீட்டில் மொத்தம் அகப்பட்டவை ஆறே ஆறு, அவற்றில் சேர்ந்த குழந்தைகள் 310 பேர். எந்தச் சிகிச்சையைப் பற்றியும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பதே அதன் முடிவு. உயிருக்கு ஆபத்தில்லாத, தானே போய்விடும் ஒன்றுக்கு யார் பெரிய ஆய்வுக்குப் பணம் கொடுப்பார்கள்?

ஆகவே என் கட்சி இது: நன்மையில் எல்லா எண்ணெயும் ஏறக்குறைய ஒரே தரம் என்று வைத்துக்கொண்டு, கெடுதலை வைத்து மட்டும் தேர்ந்தெடுப்போம். அப்படிப் பார்த்தால் வாசலுக்கு வந்த புட்டிகள் ஒரே தரமாக இல்லை.

கடுகெண்ணெயை முதலில் ஒதுக்கிவிடலாம். அதன் காரத்துக்குக் காரணமான வேதிப்பொருள் தோலை எரிச்சலூட்டக்கூடியது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் தோலில் மேலடுக்கைச் சேதப்படுத்திவிட்டு எண்ணெய்களைத் தடவிப் பார்த்தார்கள். சூரியகாந்தி எண்ணெய் தடவிய தோல் விரைவாகத் தேறியது, கடுகெண்ணெய் தடவியது தாமதமாகத் தேறியது. வட இந்தியத் தாய்மார்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல, அங்கே குளிர்காலத்தில் கடுகெண்ணெய் தேய்க்காத குழந்தை கிடையாது. ஆனால் பொருக்குக் கட்டிய தலைக்கு மட்டுமாவது வேண்டாம் என்று பக்கத்து வீட்டார் பக்குவமாகச் சொல்லலாம். ஆலிவ் எண்ணெய்க்கு வந்த பெரிய பெயர் அதற்குத் தகுதியானது அல்ல. அதில் பாதிக்கு மேல் ஒலியிக் அமிலம். பெரியவர்களின் முன்கையில் சில வாரம் தடவிப் பார்த்த பிரிட்டன் ஆய்வில் தோலின் காப்பரணை அது பலவீனப்படுத்தியது. மலசீசியாவை ஆய்வகத்தில் வளர்க்கும் ஊடகத்தில் ஆலிவ் எண்ணெய் சேர்ப்பதும் உண்டு என்பதை அறிந்தால் அந்தத் தம்பதி புட்டியைத் திரும்பச் சமையலறையில் வைத்துவிடுவார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வெளியிட்ட தோல் பராமரிப்பு வழிகாட்டுதலும் கடுகு, ஆலிவ் இரண்டையும் தவிர்க்கச் சொல்லி, தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் பக்கம் சாய்கிறது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். தோலை உறுத்துவது அரிது, வீட்டில் இருக்கிறது, விலையும் தெரியும். செக்கில் ஆட்டியதா பாக்கெட்டில் வந்ததா என்ற சண்டையை இந்தத் தலைக்காகப் போட வேண்டாம். ஆனால் மலசீசியாவின் பசியை மறக்கக் கூடாது. கொழுப்பு அமிலச் சங்கிலியில் ஏறத்தாழ 11 முதல் 24 கார்பன் வரை உள்ளவற்றை அது தின்னும். லாரிக் அமிலத்தில் 12 கார்பன். அதாவது காலையில் தடவி மாலைவரை ஊறவிட்டு, மறுநாள் அதன் மேலேயே மீண்டும் தடவினால், பொருக்கைக் கரைக்கப் போட்ட எண்ணெய் பூஞ்சைக்குப் பந்தியாகிவிடலாம். பேபி ஆயில் என்று விற்பது பெரும்பாலும் மினரல் எண்ணெய், அதைப் பூஞ்சையால் தின்ன முடியாது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்கு 2015 முதல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பெட்டகத்தில் ஓர் எண்ணெய்ப் புட்டியும் ஷாம்புவும் இருந்தன. இந்த வேலைக்கு அவ்வளவே போதும். விளக்கெண்ணெயிடம் எனக்குப் பகை இல்லை. தோலுக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் அந்தக் கெட்டித்தன்மையைக் கழுவி எடுப்பதற்குள் அழுத்தித் தேய்க்க வேண்டி வருகிறது, சிப்காட் சாலையின் தூசியும் அதில் வந்து ஒட்டுகிறது.

எண்ணெயில் எதையாவது போட்டுக் காய்ச்சுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சூடம் போட்ட தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் சளிக்குப் பழக்கமான மருந்து. கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாக உடம்புக்குள் போகும், மூச்சிலும் போகும், வலிப்பு வந்த குழந்தைகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். தலைப் பொருக்குக்கு அதைப் போடாதீர்கள். வேப்பெண்ணெயும் அப்படித்தான். அது உள்ளே போனால் கைக்குழந்தைக்கு நஞ்சு. மலேசியாவில் வீட்டு மருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட இந்திய வம்சாவளிக் குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, கல்லீரல் பாதிப்பு வந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். தலையில் தடவியது விரல் வழியாக வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? எலுமிச்சைச் சாறு, வினிகர், ஆப்ப சோடா மூன்றும் தோலின் அமிலச் சமநிலையைக் குலைப்பவை. அரப்பும் சீயக்காயும் பெரியவர்களுக்கு அருமையான சரக்கு. ஆனால் எவ்வளவு சலித்தாலும் அந்தத் தூளின் நறநறப்பு கைக்குழந்தையின் தலையைக் கீறும், கண்ணில் பட்டால் அன்று வீடே தூங்காது. கடலை மாவுக்கும் இதே தீர்ப்பு. தாய்ப்பாலைத் தலையில் தடவுவதால் கெடுதல் இல்லை, பயன் இருப்பதற்குச் சான்றும் இல்லை. பாலுக்குச் சரியான இடம் குழந்தையின் வயிறு.

சரி, எப்படிச் செய்வது? குளிப்பாட்டுவதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் முன்பு சில சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, பொருக்கு இருக்கும் இடத்தில் மட்டும் விரல் நுனியின் சதைப்பகுதியால் மெல்ல நீவிவிடுங்கள். கெட்டியாகப் படிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஊறலாம். பிறகு குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷால், அது இல்லையென்றால் நனைத்த பழைய பருத்தித் துணியால், ஒரே பக்கமாக மெதுவாகத் தள்ளினால் இளகியது வந்துவிடும். வராததை விட்டுவிடுங்கள். அதன் பிறகு வெதுவெதுப்பான நீரும் பேபி ஷாம்புவும். எண்ணெய் துளியும் மிஞ்சாமல் போகும்வரை அலச வேண்டும். இந்த வைத்தியத்தின் உயிர் கழுவுவதில் இருக்கிறது, எண்ணெய் அதற்கு முன்னேற்பாடு மட்டும். பொருக்கு இருக்கும்வரை தினமுமோ ஒன்று விட்டு ஒரு நாளோ, தெளிந்த பிறகு வாரம் இரண்டு மூன்று முறை செய்தால் போதும். நகத்தால் கிள்ளி எடுக்கும் ஆசை வரும். செதிலோடு தோலும் வரும், ரத்தம் கசியும், அந்த வழியாகக் கிருமி புகும். செதிலோடு ஓரிரு முடிகள் உதிர்வது இயல்பு, திரும்ப முளைத்துவிடும்.

உச்சிக்குழியில்தான் பொருக்கு அதிகம் தங்குகிறது என்று பல தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அங்கே கை வைக்கப் பயந்து யாரும் சரியாகக் கழுவுவதில்லை. குழிக்கு மேல் உறுதியான சவ்வும் தோலும் இருக்கின்றன. விரல் நுனியால் மெல்லக் கழுவுவதால் ஒன்றும் ஆகாது. அதில் எண்ணெயை ஊற்றித் தேக்கி வைக்கும் பழக்கத்தை வேண்டுமானால் விடலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு வந்து 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடுக்கும் தலைப் பொருக்குக்கும் தொடர்பில்லை. கடினத்தன்மைக்கு ஒரு சிறு தொடர்பு உண்டு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிறது. பக்கெட்டின் ஓரத்தில் படிகிறதே, அதேதான். சோப்புப் போட்டுத் தேய்த்த தலையில் அதுவும் படிந்து பொருக்கைப் போலவே தோன்றும். ஷாம்பு வேறு வகை வேதிப்பொருளால் ஆனது, இந்தக் கசடு அதில் உண்டாவதில்லை. போர்த் தண்ணீர் வரும் வீட்டில் தலைக்குச் சோப்பு வேண்டாம். கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு குடிநீரை வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது குளிர். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி தை மாதங்களில் கம்பளிக் குல்லா இல்லாத குழந்தையைப் பார்ப்பது அபூர்வம். வெளியே போகும்போது சரி. கதவு ஜன்னல் சாத்திய வீட்டுக்குள்ளும், எண்ணெய் தடவிய தலைமேல், இரவு பகலாக அதை மாட்டினால் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து தேங்கும். தலை காயச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் குளிரூர்ப் பழக்கம். மணம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் புகையை உள்ளே இழுக்கும் நுரையீரலுக்கு இரண்டு மாத வயது. துண்டால் ஒற்றி எடுத்தாலே அந்த முடி காய்ந்துவிடும்.

பத்தியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் கரப்பான் என்றதும் தாயின் தட்டிலிருந்து கத்திரிக்காய், கருவாடு, மீன், முட்டை ஒவ்வொன்றாக மறையும். பொருக்குக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. பால் கொடுக்கும் பெண்ணிடமிருந்து மீனையும் முட்டையையும் பறிப்பதுதான் இந்த விவகாரத்தில் நடக்கும் நிஜமான சேதம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். தோலில் எதுவென்றாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. இரண்டு நாளில் பளிச்சென்று ஆகும், விட்டதும் திரும்ப வரும், தொடர்ந்தால் தோல் மெலியும். குழந்தையின் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும் அளவும் அதிகம். பெரியவர்களின் பொடுகு ஷாம்புவிலுள்ள சாலிசிலிக் அமிலத்துக்கும் இதே அச்சம் பொருந்தும். மிதமிஞ்சிய பொருக்குக்கு மருத்துவர்கள் கீட்டோகோனசோல் ஷாம்புவோ, வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு மட்டுமோ எழுதித் தருவதுண்டு. அளவும் நாளும் அவர்கள் சொல்ல வேண்டியவை.

பொருக்கு என்று நாம் நினைப்பது பொருக்காக இல்லாமலும் போகலாம். குழந்தை தலையைத் தரையிலும் தோளிலும் தேய்த்துத் தேய்த்து அழுதால், கன்னமும் வறண்டு சிவந்திருந்தால், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், அது அடோபிக் எக்ஸிமாவாக இருக்கலாம். நீர் வடிதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் கிருமித்தொற்று. வட்டமாக முடி கொட்டினால் படை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று உடம்பு முழுதும் பரவி, வயிற்றுப்போக்கும் எடை ஏறாமையும் சேர்ந்துகொண்டால் எதிர்ப்புச் சக்திக் குறைபாடா என்று பார்க்க வேண்டும். செதிலுக்கு அடியில் ரத்தப்புள்ளிகள் இருந்தாலோ, ஒரு வயது தாண்டியும் விடாமல் இருந்தாலோ, அரிதான வேறு நோய்கள் உண்டு. இவற்றில் எதற்கும் எண்ணெய் மருந்தாகாது.

சாதாரணப் பொருக்குக்காகத் தனியாக லீவு போட்டு, கிருஷ்ணகிரி வரைக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. 6, 10, 14ஆம் வாரங்களில் எப்படியும் தடுப்பூசிக்குப் போகிறோம். பொருக்கு உச்சத்தில் இருப்பதும் அந்த வாரங்களில்தான். ஊசி தொடையிலும் கையிலும், சொட்டு மருந்து வாயிலும் என்று முடிந்துவிடுவதால், வரிசை நீளமாக இருக்கும் புதன்கிழமையில் கிராம சுகாதார செவிலியருக்குக் குழந்தையின் தலையைப் பார்க்கும் வேலையே வராது. குல்லாவை நாமே கழற்றிக் காட்ட வேண்டும். முதல் நாள் போட்ட எண்ணெய் இல்லாமல், கழுவிய தலையாக.